ஐந்து நளன்களும் ஒரு மாலையும்

சுயம்வர மண்டபத்திலே மாலையை ஏந்தி வந்த தமயந்தி திகைத்து நின்றாள். அவள் நாடி வந்த நளன் ஒருவனே; அங்கே வீற்றிருந்த நளன்களோ ஐவர். இந்திரன், அக்கினி, யமன், வருணன் ஆகிய தேவர் நால்வரும் நளனுடைய உருவத்தையே தாங்கி, அவனோடு வரிசையாக அமர்ந்திருந்தனர். முகத்தில் வேற்றுமை இல்லை. பெயரைக் கேட்டிருந்தாலும் ஐவரும் ஒரே பெயரையே சொல்லியிருப்பர். அவள் மனமுருகி வேண்டிக்கொள்ள, தேவர்கள் தமக்கே உரிய குறிகளை வெளிப்படுத்தினர் என்று பாரதம் கூறுகின்றது. நால்வருக்குக் கண் இமைக்கவில்லை, மேனி வியர்க்கவில்லை, சூடிய மாலை வாடவில்லை, பாதம் நிலத்தில் படியவில்லை. எஞ்சிய ஒருவனுக்கு மேனி வியர்த்திருந்தது. அவன் கழுத்திலே மாலை விழுந்தது.

உடப்பிலே திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்பைக் காணும் புத்தளக் கரையோரத்து அன்பர்களுக்குப் பாரதக் கதையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், கற்பிட்டிப் பக்கத்திலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தபோது இந்தக் கதையே நினைவுக்கு வந்தது. அவர் எழுதியதன் சுருக்கம் இது:

"ஐயா, வெளிநாட்டில் தொழில் செய்யும் என் மாமா, ஒரு புதிய கிரிப்டோ நாணய வலையில் சேர்பவர் ஒவ்வொருவருக்கும் இலவசமாக நாணயம் பகிரப் போகிறார்கள் என்று சொல்கிறார். எங்கள் வீட்டில் உம்மா, வாப்பா, நானா, உம்மம்மா, நான் என ஐந்து பேர். ஐவருடைய அடையாள அட்டைகளையும் படம் பிடித்து அனுப்பினால், ஐந்து கணக்குகளைத் திறந்து அவரே நடத்துவாராம். வருவதில் பாதி எங்களுக்காம். உம்மா சம்மதித்துவிட்டார். எனக்கு மாத்திரம் மனம் ஒப்பவில்லை. ஆனால், காரணம் சொல்லத் தெரியவில்லை. இவை பொய்ப் பெயர்கள் அல்லவே! ஐவரும் உயிரோடு இருக்கும் மனிதர்தாமே! இதில் யாருக்கு என்ன நட்டம்?"

நல்ல கேள்வி. இதற்கு விடை காண வேண்டுமானால், இந்த நாணய வலைகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

வங்கியிலே பேரேடு ஒன்று இருக்கின்றது. யாரிடம் எவ்வளவு பணம் உண்டு என்பதை அந்தப் பேரேடு சொல்லும். அதைக் காப்பது வங்கியின் கடமை. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆந் திகதி, சதோஷி நகமோட்டோ என்னும் பெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பேரேட்டைக் காக்க வங்கி எதற்கு? அதன் படியை உலகெங்கும் உள்ள கணினிகள் யாவும் வைத்துக்கொள்ளட்டும். புதிய பக்கம் எழுதும்போது பெரும்பான்மையானவை ஏற்பதே செல்லட்டும் என்பது அவருடைய திட்டம். 2009 ஜனவரி 3ஆந் திகதியிட்ட முதற்பக்கத்துடன் பிட்கொயின் பிறந்தது. நகமோட்டோ என்பது ஒருவரா, பலரா என்பது இன்றுவரை உறுதியாகத் தெரியாது. அந்தப் பெயரே ஒரு முகமூடி.

தலைவனும் இல்லை, காவற்காரனும் இல்லை. பெரும்பான்மை சொல்வதே சட்டம். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆனால், பெரும்பான்மை என்றால் யாருடைய பெரும்பான்மை? கணினி வலையிலே ஒரு பெயரை உண்டாக்க ஒரு கணப்பொழுது போதும்; செலவும் இல்லை. ஒருவன் தன் அறையில் இருந்துகொண்டே பத்தாயிரம் பெயர்களைப் படைத்து, அத்தனை பெயராலும் 'ஆம்' என்று சொன்னால் என்ன செய்வது? நால்வர் வேடமிட்டதற்கே தமயந்தி கலங்கினாள். பத்தாயிரம் நளன்கள் வந்தால்?

இந்த மோசடிக்குக் கணினி அறிஞர் 'சிபில் தாக்குதல்' என்று பெயரிட்டனர். ஒரே பெண்ணுக்குள் பதினாறு ஆளுமைகள் இருந்ததாகக் கூறி 1973இல் அமெரிக்காவில் வெளியான ஒரு நூலின் பெயர் 'சிபில்'. அதிலிருந்து எடுத்த பெயர் இது. 2002ஆம் ஆண்டில் ஜோன் டுசூர் என்னும் ஆராய்ச்சியாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ் பெற்றது. ஆளை அடையாளம் கண்டு சான்று தரும் பொது நிலையம் ஒன்று இல்லாவிட்டால், நடைமுறை உலகிலே இந்த வேடத்தை முற்றாகத் தடுக்க இயலாது என்பது அவர் கண்ட முடிவு.

இது கணினிக்கு மாத்திரம் உரிய நோய் என்று எண்ணிவிட வேண்டாம். புத்தளமும் குருநாகலும் சேர்ந்த வடமேல் மாகாணத்தார் இதைக் கண்ணாரக் கண்டவர்கள். 1999 ஜனவரி 25ஆந் திகதி நடந்த அந்த மாகாண சபைத் தேர்தலை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். வாக்குப் பெட்டிகளிலே சீட்டுகள் கட்டுக் கட்டாகத் திணிக்கப்பட்டன என்றும், பிறர் பெயரில் வாக்குகள் போடப்பட்டன என்றும், எதிர்த் தரப்பு முகவர்கள் வாக்குச் சாவடிகளை விட்டு விரட்டப்பட்டார்கள் என்றும் கண்காணிப்புக் குழுக்கள் அறிக்கையிட்டன. நம் நாட்டுத் தேர்தல் வரலாற்றில் 'வயம்ப' என்ற சொல்லே ஒரு வசைச் சொல்லாகிவிட்டது.

முகவர்கள் விரட்டப்பட்டார்கள் என்பதைச் சற்று உற்று நோக்குக. சாவடியில் அமர்ந்திருக்கும் முகவர் அந்த ஊரார். 'இவர் அவர் அல்லர். அவர் இறந்து ஆறு மாதமாயிற்று' என்று சொல்லக்கூடியவர். ஒரு கை பல வாக்குகளைப் போட வேண்டுமானால், முகமறிந்தவர் முதலில் அகல வேண்டும். முகமறிந்தவர் எவருமே இல்லாத இடத்தில் தலைகளை எண்ணுவது வீண் வேலை. இணைய வலையோ பிறவியிலேயே முகமறியாத இடம்.

அப்படியானால் மாற்று என்ன? மனிதர் இதுவரை கண்ட வழிகள் இரண்டே.

முதலாவது, இடாப்பு. ஓர் அதிகாரி ஒவ்வொருவரையும் பதிந்து, ஒருவருக்கு ஓர் அட்டை கொடுப்பது. இலங்கையில் ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது. அடையாள அட்டைகள் 1972 முதல் வழங்கப்பட்டன. வாக்களிக்க வருபவர் தம் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் 2004இல் இயற்றப்பட்டது. விரலில் பூசும் மையும் இந்த வழியைச் சேர்ந்ததே. ஒருவர் மீண்டும் வந்தால் விரல் காட்டிக் கொடுக்கும்.

இந்த வழி நல்ல வழி. ஆயினும் இதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையைப் புத்தளம் கொடுத்திருக்கின்றது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வீடு வாசலை இழந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தள மாவட்டத்திலே. ஆண்டுகள் பல கழிந்தும், உடல் வாழ்வது புத்தளத்தில், பெயர் இருப்பது மன்னார் இடாப்பில் என்ற நிலை பலருக்கு நீடித்தது. 2019 நவம்பர் 16ஆந் திகதி ஜனாதிபதித் தேர்தலன்று, புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கச் சென்றவர்களின் பேருந்துகள் தந்திரிமலைப் பகுதியிலே வழிமறிக்கப்பட்டுத் துப்பாக்கிச் சூட்டுக்கும் கல்வீச்சுக்கும் இலக்காயின. ஒரேயொரு வாக்கைப் போடுவதற்காக ஒரு மனிதன் இத்தனை தூரம் போக வேண்டியிருந்தது. பொய்த் தலைகளைத் தடுக்கக் கட்டும் வேலி, இரண்டு ஊருக்கு உரியவனான மெய்யான மனிதனையும் குத்தும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ?

இரண்டாவது வழி, உழைப்பை எண்ணுவது. இதை அறியக் கணினிப் பாடம் படிக்க வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும் கரைக்குப் போனால் போதும். தோணியிலே சென்று வலையை வளைத்துப் போட்டு, இரு பக்கக் கயிறுகளையும் கரைக்குக் கொண்டுவருவார்கள். இரண்டு வரிசையாக நின்று, அம்பாப் பாட்டோடு இழுப்பார்கள். மடி கரையேறிய பின், வலைக்காரரின் பங்கு போக எஞ்சியது இழுத்தவர்களுக்குப் பகிரப்படும். அங்கே ஒருவன் வந்து, 'என் பெயர் பத்து. ஆகவே பத்துப் பங்கு தா' என்றால் மண்டாடி நகைப்பார். அவர் எண்ணுவது பெயரை அன்று. கயிற்றிலே இருக்கும் கையை. பெயரைப் பெருக்கலாம், கையைப் பெருக்க முடியாது. தமயந்தி பார்த்ததும் அதே வியர்வையைத்தான்.

நகமோட்டோ செய்ததும் இதுவே. வலை முகவரிக்கு ஒரு வாக்கு என்று வைத்தால், முகவரிகளைப் பெருக்குபவன் ஆட்சியைப் பிடித்துவிடுவான் என்பதை அவர் தம் கட்டுரையிலேயே சுட்டிக்காட்டினார். ஆதலால், பேரேட்டில் புதிய பக்கத்தை எழுத விரும்பும் கணினி, மிகக் கடினமான கணக்கொன்றுக்கு விடை தேடிக் காட்ட வேண்டும் என்று விதித்தார். விடையைத் தேடுவதற்கு மின்சாரமும் இயந்திரமும் தேவை. சரிபார்ப்பதோ நொடிப் பொழுதில் முடியும். பத்தாயிரம் பெயர் உள்ளவனும் ஒரேயொரு இயந்திரம் வைத்திருந்தால், ஓர் இயந்திரத்தின் வலுவே அவனுக்கு உண்டு. கயிற்றிலே உள்ள கையை எண்ணும் அதே முறை.

ஆனால் இதற்கும் விலை உண்டு. பிற்காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பொருத்திய சுழலி கயிற்றை இழுக்கலாயிற்று. இழுக்கும் கைகளுக்கு வேலை குறைந்துவிட்டது. பிட்கொயினிலும் அவ்வாறே நடந்தது. வீட்டுக் கணினியால் பக்கம் எழுதிய காலம் போய், அதற்கென்றே செய்த இயந்திரங்கள் மண்டபம் மண்டபமாக இயங்குகின்றன. நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் வலு 900 மெகாவாட். அத்தகைய நிலையங்கள் பத்து ஓயாமல் ஓடினாலும் இந்த வலையின் இன்றைய தேவைக்குப் போதா என்பது ஆய்வாளரின் மதிப்பீடுகளிலிருந்து தெரிகின்றது. தென்னிலங்கையில் மாவெல்ல என்னும் கரையிலே, வலை ஒன்றுக்குக் கரையில் ஒரு முறை என்ற வழக்கு இருந்தது. முறை பெறுவதற்காகவே வலைகளை வாங்கி வாங்கி, கடலுக்கு வேண்டியதைவிடப் பன்மடங்கு வலைகள் குவிந்துவிட்டதைப் போல் அலெக்சாண்டர் என்னும் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். பங்குக்கு அளவுகோலாக எதை வைத்தாலும், அது தேவைக்கு மிஞ்சிப் பெருகும் போலும்!

இந்த வீண்செலவைத் தவிர்க்க எதீரியம் என்னும் வலை, 2022 செப்டம்பர் 15இல் வேறு முறைக்கு மாறியது. பக்கம் எழுத விரும்புபவர் 32 எதர் நாணயத்தைப் பிணையாக வைக்க வேண்டும். வஞ்சனை செய்தால் பிணையில் ஒரு பகுதி பறிபோகும். மின்செலவு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் குறைந்தது. ஆனால், பணமுள்ளவனுக்கே வாக்கு என்பது அங்கே வெளிப்படை. வலு குறைந்த வலைகளுக்கோ வேறு ஆபத்து. எதீரியம் கிளாசிக் என்ற சிறிய வலையில், 2019 ஜனவரியிலும் 2020 ஆகஸ்டிலும் சிலர் பெரும்பான்மைக் கணிப்பு வலுவைக் கைக்கொண்டு, எழுதி முடிந்த பக்கங்களையே மாற்றி எழுதினர். மதிற்சுவர் அதைக் கட்டச் செலவிட்ட அளவுக்கே பலம் உடையது.

பேரேட்டை மாற்ற முடியாவிட்டாலும் பொய்த் தலைகளால் வேறு தீங்குகள் செய்ய முடியும். பிட்கொயின் வலையில் சேரும் கணினி, இயல்பாக எட்டுக் கணினிகளைத் தானாகத் தேடிப் பிடித்து, பேரேட்டுச் செய்திகளையும் பணச் செய்திகளையும் அவற்றிடம் பெறுகின்றது. அவையும் வெளியிலிருந்து வந்து தொடர்புகொள்ளும் ஏனையவையும் ஒருவனுடைய வேடங்களாகவே அமைந்துவிட்டால், அந்தக் கணினி உலகம் முழுவதும் சொல்வதாக எண்ணிக்கொண்டு ஒரே வாயின் சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும். இது இயலும் என்பதை 2015இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். அதன்பின் தற்காப்புகள் பல சேர்க்கப்பட்டன. 2020 நவம்பரில், மொனேரோ என்னும் நாணய வலையில் ஒருவர் பல பொய்க் கணினிகளை நுழைத்து, பணம் அனுப்புவோரின் இருப்பிடத்தை அறிய முயன்றார். அதே ஆண்டு மே மாதத்தில், மறைவாக இணையத்தில் உலவ உதவும் டோர் வலையின் வெளிவாசல் கணினிகளில், நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைந்த வலு ஒரே கையில் இருந்தது. அவ்வழியே சென்ற சிலருடைய பிட்கொயின் முகவரிகளை நடுவழியில் அழித்து, தன் முகவரியை எழுதியது அந்தக் கை. அனுப்பியவர் பணத்தைச் சரியாகத்தான் அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது திருடனிடம்.

இனி, கடிதம் எழுதிய தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

புதிய நாணய வலைகள் தம்மைப் பயன்படுத்தியவர்களுக்கு நாணயத்தை இலவசமாகப் பகிர்வது உண்மை. 2023 மார்ச்சில் ஆர்பிட்ரம் என்னும் வலை அவ்வாறு பகிர்ந்தது. பலர் ஒருவராக இருந்துகொண்டே நூற்றுக்கணக்கான கணக்குகளைத் திறந்து காத்திருந்தனர். பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு நகர்ந்தது என்ற சுவட்டைத் தேடி, ஒரே கை நடத்திய கணக்குக் கூட்டங்களைக் கண்டு விலக்கினர். 2024 மேயில் லேயர்சீரோ என்னும் நிறுவனம் ஒருபடி மேலே சென்று, 'குற்றத்தைத் தாமே ஒப்புக்கொள்பவருக்கு உரிய பங்கில் நூற்றுக்குப் பதினைந்து தருவோம். பிறரைக் காட்டிக் கொடுப்பவருக்கு, பிடிபட்ட பங்கில் நூற்றுக்குப் பத்து' என்று அறிவித்தது.

வேட்டை இவ்வாறு கடுமையாகவே, பொய்ப் பெயர்கள் செல்லாமற் போயின. மெய்யான மனிதரின் அட்டைக்குக் கிராக்கி உண்டாயிற்று. தம்பி, உங்கள் வீட்டு வாசலுக்கு அந்தக் கிராக்கிதான் வந்திருக்கின்றது.

'ஐவரும் மெய்யான மனிதர்தாமே' என்று கேட்கிறீர். ஐந்து முகங்களும் மெய். ஆனால் கயிற்றிலே ஒரு கைதான் இருக்கின்றது. ஐந்து பேர் இழுத்ததாகச் சொல்லி ஒருவர் பங்கு வாங்குகிறார். மடியிலே விழுந்த மீன் அதே அளவுதான். ஆகவே, நேர்மையாகத் தம் பெயரில் ஒரு கணக்கு வைத்திருக்கும், உம்மைப்போன்ற எங்கோ ஒரு மாணவனின் பங்கு குறைகின்றது. இத்தகைய நாணயங்கள் பலவற்றிற்கு வாக்குரிமையும் உண்டு. உம்மம்மா அறியாத ஒரு சபையிலே, உம்மம்மாவின் பெயரால் மாமா வாக்களிப்பார். வயம்பத் தேர்தலில் நடந்ததற்கும் இதற்கும் அளவிலேதான் வேற்றுமை.

நட்டம் பிறருக்கு மாத்திரம் அன்று. அட்டையின் படம் ஒருமுறை கைமாறினால் அதைத் திரும்ப வாங்க முடியாது. அந்த இலக்கம் ஆயுள் முழுவதற்கும் உரியது. மாமா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவர் அந்தப் படங்களை யாரிடம் கொடுப்பார் என்பதை நீர் அறியீர். உம்மாவின் பெயரில் திறந்த கணக்கினூடாக யாரோ ஒருவரின் களவுப் பணம் சென்றால், பொலிசார் தேடி வருவது கணக்கிலே உள்ள பெயரை. நடத்திய கையை அன்று. மேலும், இத்தகைய நாணயங்களின் ஆபத்துகளைப் பற்றி இலங்கை மத்திய வங்கி 2018 முதல் பலமுறை பொதுமக்களை எச்சரித்திருக்கின்றது. இழந்த பின் முறையிடுவதற்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்பதே அந்த எச்சரிக்கைகளின் சாரம்.

மாமாவுக்கு மரியாதையாகவே மறுமொழி எழுதும். 'எங்கள் பெயரில் எது நடந்தாலும் அதை நாங்களே நடத்துவோம். நாங்கள் நடத்த அறியாததில் எங்கள் பெயர் வேண்டாம்' என்று எழுதினால் போதும். உம்மாவிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டும். கணினிக் கணக்கு அவருக்கு விளங்காமற் போகலாம். மன்னாரிலே பெயரும் புத்தளத்திலே வாழ்வுமாக இருந்த ஓர் அயலவரை அவர் அறிந்திருப்பார். ஒரு பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பதற்கு மனிதர் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாக விளங்கும்.

அதுவரை உம்மம்மாவின் அட்டை அலுமாரியிலேயே இருக்கட்டும்.